ஸ்பானியம் வழியாக ஒரு காட்டலான் நாடகத்தைத் தமிழாக்க

ஸ்பெயினின் காட்டலோனியாப் பகுதியில் பேசும் காட்டலான் மொழியை நான் முறையாகப் படித்ததில்லை. ஸ்பானியமும் பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறிக் கற்றதுதான். ஆனாலும் ரோஸ் ஹில்லில் எங்கள் கோயில் பிள்ளைகள் நடிப்பதற்காக ஆன்ஜெல் கிமெரா காட்டலானில் எழுதிய ‘தெர்ரா பாஷா’ நாடகத்தைத் தமிழாக்கி முடித்தேன். மொரீஷியஸில் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு என் வழியைச் சொல்கிறேன்.

முதலில் ஹோசே எச்செகராயின் ஸ்பானிய மொழிபெயர்ப்பான ‘தியெர்ரா பாஹா’வை முழுக்கப் படியுங்கள். மொழிபெயர்ப்புதானே என்று ஒதுக்காதீர்கள். மேடை கண்டதில் அதுதான் மூத்தது. 1896 நவம்பரில் மாட்ரிட்டில் அரங்கேறியது. காட்டலான் மூலம் மேடையேறியது மறு ஆண்டில்தான். எச்செகராயே பெரிய நாடகக்காரர், 1904-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

கதை பிடிபட்டதும் அகராதியோடு மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இதைச் சோம்பலில் விட்டுத்தான் நான் மாட்டிக்கொண்டேன். நாயகன் பெயரை ஸ்பானிய எழுத்தைப் பார்த்து ‘மனெலிச்’ என்று நோட்டீஸ் அடித்துவிட்டேன். Manelich என்பதில் உள்ள ‘ch’ பழைய காட்டலான் எழுத்துமுறை. கடைசியில் வருவது ‘க்’ ஒலி. மனெலிக் என்பதே சரி. நோட்டீஸ் அத்தனையும் வீண்.

கடைசி வசனம் இன்னும் பெரிய கண்ணி. மனெலிக் மலை இடையன். பண்ணைக்காரன் செபஸ்தியா, தன் ஆசைநாயகி மார்த்தாவை ஊர் வாயை மூடுவதற்காக அவனுக்குக் கட்டிவைக்கிறான். முடிவில் மனெலிக் அவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, ஓநாயைச் சொல்லிக் கத்துகிறான். அங்கே வரும் காட்டலான் சொல் ‘மோர்ட்’. பிரெஞ்சு படித்த நம் கண்ணுக்கு அது செத்ததாகவே படும். காட்டலானில் கொன்றதற்கும் அதே சொல் வரும். இந்த இடத்தில் ஸ்பானியம் கைகொடுக்கும்: அதில் கொல்ல ‘மதார்’, சாக ‘மொரீர்’. ஆகவே “ஓநாய் செத்துப்போச்சு” இல்லை, “ஓநாயைக் கொன்னுட்டேன்!” முதல் அங்கத்தில் அவன் நிஜ ஓநாயைக் கொன்ற கதையைச் சொல்வான். அங்கும் இதே வார்த்தைகளை வையுங்கள், அப்போதுதான் கடைசியில் கூட்டத்துக்குச் சுரீரென்று உறைக்கும்.

தலைப்புக்கு நேர்ப்பொருளாக ‘தாழ்நிலம்’ என்று போட்டேன், மனம் ஒப்பவில்லை. அப்புறம்தான் தோன்றியது: மேட்டிலிருந்து இறங்கும் முல்லை இடையன், வயலாளும் மருதத்துக் கிழான், அவனுடைய பரத்தை. இது நம் திணைக் கதைதானே! ‘மருதம்’ என்றே வைத்துவிட்டேன். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் ‘பள்ளக்காடு’ என்று வைக்கலாம். ‘தாழ்ந்த நிலம்’ மட்டும் வேண்டாம். சாதி வாடை அடிக்கிறது.

யார் யாரை எப்படி விளிக்கிறார்கள் என்று ஸ்பானியத்தில் மட்டும் பார்த்தால் போதாது. அதில் ‘தூ’, ‘உஸ்தெத்’ என்று இரண்டு படிதான். காட்டலானில் நடுவே ‘வோஸ்’ என்று இன்னொன்றும் உண்டு. நமக்கும் நீ, நீர், நீங்கள் என்று மூன்று. சரி, பொருத்தம்தான். ஆனால் இங்கே பேச்சு மொழியான கிரெயோலில் ‘தோ’, ‘ஊ’ என்ற இரண்டு படி மட்டும் பேசிப் பழகிய பிள்ளைகள் ஒத்திகையில் ‘நீரை’ நீங்களாக்கிவிடுவார்கள். பிரதியில் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

தமிழ் எழுத்து சரளமாக வராதவர்களுக்கு ரோமன் எழுத்தில் ஒரு பிரதி கொடுங்கள். அதில் ‘ழ’ வரும் இடங்களை வட்டமிடுங்கள். எங்கள் செபஸ்தியா கடைசி ஒத்திகை வரை ‘அலகு’ மார்த்தாவைத்தான் அழைத்துக்கொண்டிருந்தான்.