கால் பிளாக்கர் மாட்டும்போது செய்யக்கூடாதவை

தண்டையார்பேட்டையில் என் அத்தை வீட்டில் இன்னும் லேண்ட்லைன்தான். கடன் வேண்டுமா, பாலிசி வேண்டுமா என்று பகல் முழுக்க மணியடித்ததால், சுவர் சாக்கெட்டுக்கும் போனுக்கும் நடுவே மாட்டி, வேண்டாத அழைப்புகளைத் தடுக்கும் கால் பிளாக்கர் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒரு அழைப்புகூடக் குறையவில்லை. தவறு என்னுடையது. அந்தக் கருவி எண்ணைப் பார்த்துத்தான் தடுக்கும்; அத்தை வீட்டு இணைப்பில் அழைப்பவரின் எண்ணைக் காட்டும் காலர் ஐடி வசதியே இல்லை. முதலில் அந்த வசதியை போன் கம்பெனியில் கேட்டு வாங்குங்கள். எண் வரும் முறையிலும் டிடிஎம்எஃப், எஃப்எஸ்கே என இரண்டு உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் கருவி நம் இணைப்போடு பொருந்துமா என்று விசாரித்துவிடுங்கள்.

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் கீழே ஒரு போன், மாடியில் அதே இணைப்பில் ஒரு பேரலல் போன் இருக்கும். வயர் பிரிவதற்கு முன்பே கருவியை மாட்ட வேண்டும். இல்லையென்றால் மாடி போன் அடிக்கத்தான் செய்யும். ஃபைபர் இணைப்பு என்றால் மோடத்தின் போன் துளைக்கும் போனுக்கும் நடுவே.

எனக்கு அதிகம் பயம் தருவது, 'சேமித்த எண்கள் மட்டும்' என்று வைத்துவிடுவது. ஸ்டான்லி மருத்துவமனையில் ஒருவரைச் சேர்த்திருக்கிறோம் என்று வையுங்கள். உடன் இருப்பவரின் செல்லில் சார்ஜ் தீர்ந்தால், பக்கத்துப் படுக்கைக்காரரின் செல்லை வாங்கித்தான் வீட்டுக்குப் பேசுவார். அந்த அழைப்பையும் கருவி தடுத்துவிடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இது வேண்டவே வேண்டாம். அப்புறம், சில இணைப்புகளில் செல் எண் முன்னால் 0 சேர்ந்து வரும். 0 இல்லாமல் சேமித்தால், மகனின் எண்ணே தெரியாத எண்ணாகிவிடும்.

ஒவ்வொரு எண்ணாகத் தடுப்பதும் வீண். அவர்கள் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். 140 என்று தொடங்குபவை விளம்பர அழைப்புகள், மொத்தமாகத் தடுக்கலாம். 1600-ஐத் தொடாதீர்கள், அது வங்கிகள் கணக்கு விஷயமாக அழைக்க ஒதுக்கப்பட்டது. 1909-க்கு அழைத்து, விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று டிஎன்டி பதிவும் செய்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் எண்ணைப் போலியாகக் காட்டி, போலீஸ் என்று சொல்லிக் கைது செய்வதாக மிரட்டுபவர்கள் உண்டு. போலீஸ் போனிலேயே யாரையும் கைது செய்வதில்லை. அப்படி மிரட்டிப் பணம் பறித்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். அத்தை வீட்டு போனுக்கு மேலே அந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.