மார்கழியைப் பார்த்துச் சென்னைக்குக் குடிபோகாதீர்கள்

தை பிறந்த நான்காம் நாள், என்னிடம் மிருதங்கம் கற்கும் மூன்று மாணவர்கள் கேரளத்தின் பாலக்காட்டு எல்லைப்புறத்தில், கொழிஞ்சாம்பாறையில் உள்ள என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். மூவருக்கும் இது கல்லூரியின் இறுதி ஆண்டு. மூவரும் மார்கழியில் பத்து நாள் சென்னையில் தங்கிக் கச்சேரி கேட்டுத் திரும்பியவர்கள். மூத்தவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். மேற்கு மாம்பலத்தில் ஓர் அறை, அதன் வாடகை, முன்பணம், தரகர் கூலி என்று வரிசையாக எழுதியிருந்தது. "பரீட்சை முடியற வரைக்கும் விட்டா ரூம் போயிடுங்க சார். இப்பவே அட்வான்ஸ் குடுத்துடலாம்னு இருக்கறோம்" என்றான். அந்தத் தாளை வாங்கிப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. 2006-ஆம் ஆண்டு தை மாதத்தில் நானும் அப்படி ஒரு தாளை என் தந்தையார் கையில் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பணத்தை எடுத்துத் தந்தார்.

சாதகம் என்னும் அன்றாடப் பயிற்சியை விடாதே, நேரத்துக்குப் போ, பெரியவர்களிடம் பணிவாக இரு என்பனவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை; அவை எல்லோரும் அறிந்தவை. கல்லூரி முடித்தபின் எந்த ஊரில் இசைத்தொழிலைத் தொடங்குவது என்று முடிவெடுக்கும்போது, நம் எல்லைப்புறத்துப் பிள்ளைகள் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகளை மட்டும் சொல்கிறேன். அவற்றுள் ஒன்றைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு மாதத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்தல்

மார்கழியில் சென்னைக்குப் போகும் இளைஞன் காண்பது என்ன? காலையில் விரிவுரை, நண்பகலில் இளைஞர் கச்சேரி, மாலையில் பெரியவர்களின் கச்சேரி என்று ஒரே நாளில் நான்கு அரங்குகளுக்குப் போய்வர முடிகிறது. நண்பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு நுழைவுச்சீட்டே இல்லை. மேடையில் வாசிப்பவன் தன்னைவிட இரண்டு வயது மூத்தவனாக இருக்கிறான். "இவனுக்கு இடம் இருக்கிற ஊரில் எனக்கு இருக்காதா?" என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. நான் 2005 டிசம்பரில் மயிலாப்பூரில் ஒரு சபாவின் பின்வரிசையில் உட்கார்ந்து அப்படித்தான் எண்ணினேன்.

அந்த மாதம் சென்னையின் வழக்கமான மாதம் அன்று. அது ஒரு திருவிழா. 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அதன் ஆண்டு விழாவைச் சுற்றி மற்ற சபாக்களும் நிகழ்ச்சிகளை அமைக்க, டிசம்பர் சீசன் வளர்ந்தது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து பாடுகிறார்கள், வந்து கேட்கிறார்கள். தேர் நிலைக்கு வந்ததும் நம் பாலக்காட்டுக் கல்பாத்தித் தெருக்கள் எப்படி அடங்கிவிடுகின்றனவோ, ஜனவரி முதல் வாரத்துக்குப் பிறகு சென்னை அரங்குகளும் அப்படித்தான் அடங்குகின்றன. கச்சேரி அடியோடு நின்றுவிடாது. ஆனால் எண்ணிக்கை குறையும், நடப்பவற்றுக்கும் பாடகர்கள் தமக்குப் பழகிய பக்கவாத்தியக்காரர்களையே அழைப்பார்கள். பங்குனி சித்திரையில் முன்னணிக் கலைஞர்கள் பலர் அமெரிக்கப் பயணத்தில் இருப்பார்கள். கிளீவ்லாந்தில் 1978 முதல் நடக்கும் தியாகராஜ ஆராதனை விழா அந்தக் காலத்தில்தான் வருகிறது. அடுத்த மார்கழிக்கான பெயர்ப் பட்டியலோ பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடும். யாருக்கும் அறிமுகமில்லாத மிருதங்கக்காரன் தை மாதத்தில் போய் இறங்கினால், முந்தைய விழா முடிந்த ஊரில், அடுத்த விழாவின் வாசலும் திறக்காத நேரத்தில் நிற்கிறான்.

இதில் பாதிதான் நட்டம். மறுபாதியை நான் ஓராண்டு கழித்தே உணர்ந்தேன். இன்று நினைத்தாலும் எனக்கு ஆறாத பகுதி அதுதான். நம் பாலக்காட்டுப் பக்கத்தில் கோயில் உற்சவங்கள் எப்போது நடக்கின்றன? கார்த்திகையில் மண்டல காலம் தொடங்கும். அதன்பின் தை, மாசி, பங்குனி, சித்திரை என்று ஊர் ஊராக உற்சவமும் ‘வேலா’ எனப்படும் கோயில் திருவிழாவும் நடக்கும். கோயில் மேடைகளில் கச்சேரி இருக்கும், நடனம் இருக்கும். அக்கிரகாரங்களில் ராதா கல்யாணமும் சீதா கல்யாணமும் நடக்கும். சம்பிரதாய பஜனைக்கு மிருதங்கம் இல்லாமல் முடியாது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் எல்லாம் ஓய்ந்துவிடும். அதாவது, சென்னை உறங்கப் போகும் மாதங்களில்தான் நம் ஊர் விழித்திருக்கிறது. நான் விழித்திருந்த ஊரை விட்டுவிட்டு, உறங்கப் போன ஊருக்கு மூட்டை கட்டினேன்.

என்னிடம் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. நீல அட்டை போட்ட அந்தப் பள்ளிக்கூட நோட்டில் எந்தத் தேதியில், எந்த ஊரில், யாருக்கு வாசித்தேன், சன்மானம் எவ்வளவு என்று எழுதி வைப்பேன். 2005-ஆம் ஆண்டு தை முதல் சித்திரை வரை, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே, பதினேழு நிகழ்ச்சிகள். 2006-இல் அதே நான்கு மாதங்களுக்கு ஒரு பக்கம்கூட நிறையவில்லை: ஒரு வீட்டு நவகிரக ஹோமத்தை ஒட்டிய கச்சேரி, ஒரு நடனப் பள்ளியில் மூன்று நாள் ஒத்திகை, அவ்வளவுதான். வாடகை மாதம் 3,500 ரூபாய். முன்பணம் பத்து மாத வாடகை, 35,000 ரூபாய். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது அப்போது சென்னையில் நெடுநாளைய வழக்கமாக இருந்தது. காலி செய்தபோது சுண்ணாம்பு அடிக்க என்றும் குழாய் மாற்ற என்றும் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் திருப்பித் தந்தது 26,000 ரூபாய்.

பணத்தைக்கூட மறந்துவிடலாம். ஊரில் என்னை வழக்கமாக அழைத்த ஓர் உற்சவக் குழுவின் செயலாளர், மறு ஆண்டு மாசியில் என் தந்தையாரைக் கடைவீதியில் கண்டபோது, "அவன் இப்ப மெட்ராஸ் ஆளாயிட்டானே, ரயில் சார்ஜ் குடுத்து நாங்க எங்கீங்க கூப்பிடறது" என்று சொல்லியிருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. எனக்குப் பதிலாக அழைத்த பையன் நன்றாகவே வாசித்தான், பிறகு அந்த இடம் அவனுக்கே நிலைத்தது. சென்னையில் நான் யாருக்கும் அறிமுகமாகவில்லை, ஊரிலோ நான் போய்விட்டவன். ஓர் ஊரில் பெயர் எடுப்பதற்கு முன்பே மற்றோர் ஊரில் பெயரை அழித்துக்கொண்டேன். இரண்டரை ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபின், அந்தப் பதினேழு மேடைகளில் ஆறில்தான் மறுபடியும் வாசிக்கக் கிடைத்தது.

ஆகவே, சென்னையைப் பார்க்க வேண்டுமானால் ஆடியில் போய்ப் பாருங்கள். உங்கள் ஊரிலும் அப்போது வேலை இல்லை, இழப்பு ஒன்றுமில்லை. முன்பணம் கொடுக்காமல், மாத வாடகை விடுதியில் நாற்பது நாள் தங்குங்கள். அந்த நாற்பது நாளில் எத்தனை பேர் உங்களைச் சாதகத்துக்காவது அழைக்கிறார்கள், எந்த நடனப் பள்ளியில் ஒத்திகைக்கு ஆள் தேவைப்படுகிறது, எந்த ஆசிரியர் உங்கள் வாசிப்பைக் கேட்க அரைமணி நேரம் ஒதுக்குகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடியில் உங்களுக்குச் சோறு போடும் ஊர்தான் ஆண்டு முழுவதும் போடும். நடன ஒத்திகையை இழிவாக நினைக்க வேண்டாம். அரங்கேற்றம் ஒன்றுக்கு வாசிப்பவன், நடன ஆசிரியர் தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கத்தோடு கை சேர்வதற்காகப் பல நாள் ஒத்திகைக்குப் போகிறான். அந்த வருமானம்தான் சென்னையில் எத்தனையோ இளம் மிருதங்கக்காரர்களுக்கும் வயலின்காரர்களுக்கும் வாடகை கட்டுகிறது.

ஆசிரியரை முடிவு செய்யாமல் ஊரை முடிவு செய்தல்

நம் ஊரிலிருந்து போய்ப் பெரியவர்களானவர்களின் வரலாற்றைப் பாருங்கள். மஞ்சப்ராவில் பிறந்த பாடகர் எம்.டி. ராமநாதன் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்ற பின்னர், சென்னைக் கலாக்ஷேத்திராவில் இருந்த டைகர் வரதாச்சாரியாரிடம் இசை கற்கப் போனார். பாடகர் கே.வி. நாராயணசுவாமி அரியக்குடி ராமானுஜ ஐயங்காரிடம் போனார். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரைத் தேடிப் போனது தஞ்சாவூருக்கு, சென்னைக்கு அன்று. ஆள் முதலில், ஊர் அதன் பின்னால் என்பதே அவர்கள் மூவரும் கொண்ட முறை. இன்று என் மாணவன் மேற்கு மாம்பலம் என்று எழுதுகிறான். யாரிடம் போய் உட்காரப் போகிறாய் என்று கேட்டால் விழிக்கிறான்.

வாத்தியத்தை மறந்து வீடு பார்த்தல்

இது பாடகர்களைவிட எங்களைப் போன்றவர்களைக் கடுமையாகத் தாக்கும். நான் எடுத்த அறைக்கு மேலே வீட்டுக்காரர் குடும்பம். நடுவில் இருந்தது ஒரு தளம்தான். விடியற்காலை நாலரைக்கு ரவையைப் பிசைந்து மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அப்பி, வலப்பக்கமான வளந்தலையைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கத் தொடங்கிய மூன்றாம் நாளே மாடியிலிருந்து ஆள் வந்தது. அதன் பிறகு தலையணையை மடியில் வைத்து வாசித்தேன். விரல் வேகம் குறையவில்லை; ஆனால் மீட்டு, சாப்பு என்னும் விரலடிகளின் நாதமும் இழைவும் தோல் எதிரொலித்தால்தான் கைக்குத் தெரியும், பஞ்சு அதைச் சொல்லாது. நான்கு மாதத்தில் என் வளந்தலை வாசிப்பு தட்டையாகிவிட்டதை முதலில் கண்டுபிடித்தவர் ஊரில் இருந்த என் குருநாதர், நான் அன்று.

வீடு பார்க்கும்போது வாத்தியத்தைக் கையோடு கொண்டுபோய், வீட்டுக்காரர் முன்னிலையில் பத்து நிமிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் அப்போதும் சம்மதித்தால் மட்டும் பேச்சைத் தொடருங்கள். வளந்தலையின் நடுவில் உள்ள கருப்புப் பூச்சான கரணை உதிர்ந்தால், தோலை இழுத்துக் கட்டும் வார் தளர்ந்தால் யாரிடம் கொடுப்பது என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நமக்குப் பெருவெம்பு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தோல் வாத்தியம் செய்யும் குடும்பங்கள் அங்கே இருப்பதால், காலையில் கொடுத்துவிட்டு மாலையில் விசாரிக்கப் போகிற பழக்கம் நமக்கு. அந்த வசதி வேறெந்த ஊரிலும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

திரையிசையையும் கச்சேரியையும் ஒரே ஊரில் தேடுதல்

ஒரு காலத்தில் மலையாளப் படப் பாடல்களும் சென்னையில்தான் பதிவாயின. ஆகவே இரண்டையும் ஒரே ஊரில் செய்ய முடிந்தது. இன்று மலையாளத் திரையிசை வேலை பெரும்பாலும் கொச்சிக்குப் போய்விட்டது, தமிழ்ப் பட வேலை சென்னையில் நடக்கிறது. இரண்டு இடங்களிலும் தாளப் பகுதியின் பெரும்பங்கைக் கணினியிலேயே அமைத்துவிடுகிறார்கள். நேரடி வாத்தியத்துக்கு அழைப்பு வந்தால் அது குறுகிய நேர வேலை, உடனே வந்து நிற்க வேண்டிய வேலை. மலையாளமும் தமிழும் தாய்மொழி போலப் பேசும் நம் பிள்ளைகளுக்குக் கொச்சியில் கிடைக்கும் வரவேற்பு பலருக்குத் தெரியவில்லை. திரையிசைதான் வேண்டும் என்றால் கொச்சியை முதலில் எண்ணிப் பாருங்கள். கச்சேரி வேண்டும் என்றால் கொச்சி போதாது. இரண்டும் வேண்டும் என்பவன் முதல் மூன்று ஆண்டுகளுக்கு எது வேண்டும் என்றாவது முடிவு செய்ய வேண்டும்.

மாமா வீடு இருக்கிறது என்பதற்காக ஊரைத் தேர்ந்தெடுத்தல்

ஆறு மாதத்துக்குமேல் அந்த உறவு தாங்காது.

பணம் கொடுத்து மேடை வாங்குதல்

கொடுக்காதீர்கள்.

வானொலித் தேர்வைத் தள்ளிப் போடுதல்

ஊர் மாறும் பரபரப்பில் இது விட்டுப் போகிறது. அகில இந்திய வானொலி தேர்வு வைத்துக் கலைஞர்களுக்குத் தரும் பி, பி ஹை, ஏ, டாப் என்ற தரங்களை இன்றும் கோயில் குழுக்களும் சபாக்களும் கேட்கின்றன. சொந்த ஊரில் இருக்கும்போதே, கை சூடாக இருக்கும்போதே எழுதிப் போட்டுவிடுங்கள்.

இடைவழி ஊர்களை எண்ணாமல் விடுதல்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகப் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகக் கோயம்புத்தூர். அங்கே சபாக்கள் உண்டு, நடனப் பள்ளிகள் உண்டு, வீட்டுக்கு வந்து சொல்லித்தரச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. இரவு வீடு திரும்பிவிடலாம். பெங்களூரில் ராமநவமியை ஒட்டி வாரக்கணக்கில் இசை நடக்கிறது. சாமராஜப்பேட்டையில் ஸ்ரீராமசேவா மண்டலி 1939 முதல் அதை நடத்தி வருகிறது. குருவாயூரில் செம்பை சங்கீதோற்சவத்தில் இளையவர்களுக்கும் விண்ணப்பித்து வாசிக்க இடமுண்டு. சில நிமிடங்களே கிடைத்தாலும், அந்த அரங்கில் உங்களைக் கேட்பவர்களில் பாதிப் பேர் இசைக் கலைஞர்கள். சென்னைக்குக் குடிபோகாமலே, ஊரை அடித்தளமாக வைத்துக்கொண்டு, இவற்றைச் சுற்றி முதல் இரண்டு ஆண்டுகளை அமைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பின்னர் சென்னைக்குப் போனபோது, அழைத்தவர்கள் இருந்ததால் போனார்கள்.

என் மூன்று மாணவர்களிடமும் இதையெல்லாம் இரண்டு மாலைப்பொழுதுகளில் சொன்னேன். நீல அட்டை நோட்டையும் எடுத்து அந்த இரண்டு பக்கங்களைக் காட்டினேன். ஒருவன் கொச்சியில் விசாரிக்கிறேன் என்றான். இன்னொருவன் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அவனை நான் நெருக்கவில்லை. தாளை நீட்டிய மூத்தவன் தரகரைத் தொலைபேசியில் அழைத்து அறை வேண்டாம் என்று என் எதிரிலேயே சொன்னான். மாசியிலும் பங்குனியிலும் அவனுக்கு இங்கே ஒன்பது இடத்தில் வாசிப்பு இருக்கிறது. ஆடி முதல் வாரத்துக்குப் பழனி, திண்டுக்கல் வழியாகப் போகும் சென்னை ரயிலில் ஒரு படுக்கைச் சீட்டு எடுப்பதாக இருக்கிறான். ஒரே ஒரு மிருதங்கம், இரண்டு செட் உடை, நாற்பது நாளுக்கான விடுதிப் பணம் ஆகியவற்றோடு போகச் சொல்லியிருக்கிறேன். நான் சீடனாக இருக்க விரும்பிக் கேட்கத் துணியாமல் விட்ட ஒரு பெரியவருக்குக் கடிதம் எழுதி அவன் கையில் கொடுத்திருக்கிறேன்.