பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவது எப்படி: வீட்டு வாசலிலேயே ஒரு செய்முறை

சேலத்தில் கோரிமேடு தாண்டி அடிவாரம் சேர்ந்ததும் தொடங்கும் ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுபவருக்கு அங்கே இடது கால் நோகாது என்பது உண்மைதான். ஆனால் கிளட்ச் மிதிக்காமல் நாம் மிச்சப்படுத்திய உழைப்பெல்லாம் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயிலின் தலையில் போய் விழுகிறது. எஞ்சினின் சுழற்சியை டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் மூலம் இணைக்கும் உறுப்பு) வழியாகக் கடத்துவதும், உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பதும், பற்சக்கரங்கள் தேயாமல் காப்பதும், உண்டாகும் சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுபோவதும் அந்த ஒரே ஆயில்தான். முழுச் சுமையோடு மெதுவாக ஏறும்போது அது கன்வெர்ட்டருக்குள் கடையப்பட்டுச் சூடேறுகிறது. சூடு ஏற ஏற அதன் ஆயுள் குறைகிறது. மலைப்பாதை ஓட்டத்தைப் பல கார்களின் கையேடுகள் 'கடினமான பயன்பாடு' என்று தனியாகக் குறிப்பிட்டு, ஆயிலை முன்கூட்டியே மாற்றச் சொல்வது இதனால்தான். மாதம் ஒருமுறையாவது மலையேறும் வண்டிக்கு 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது நல்லது என்பது என் கணிப்பு.

எங்கள் வீட்டில் இருப்பது 2010ஆம் ஆண்டின் ஹூண்டாய் ஐ10, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். கீழே சொல்லும் முறை இதுபோன்ற டார்க் கன்வெர்ட்டர் வகைக்கும், ஆயில் அளவு பார்க்க டிப்ஸ்டிக் உள்ள கார்களுக்கும் மட்டுமே பொருந்தும். கிளட்ச் பெடல் இல்லாத வண்டிகளெல்லாம் ஒரே இனம் அல்ல. 2014இல் மாருதி செலெரியோவோடு பரவலான ஏ.எம்.டி. வகை, உள்ளுக்குள் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதற்கு வேறு ஆயில். பழைய ஹோண்டா சிட்டியில் வந்த, கியர்களுக்குப் பதில் பெல்ட் வைத்து இயங்கும் சி.வி.டி.க்கும் அதற்கே உரிய ஆயில்தான் ஊற்ற வேண்டும். 'ஆட்டோமேட்டிக் ஆயில் கொடுங்கள்' என்று கடையில் பொதுவாகக் கேட்காமல், கையேட்டில் அச்சிட்டிருக்கும் தர எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். என் வண்டிக்கு அது எஸ்.பி.-3. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. சிவப்பு வெறும் சாயம்.

வேலையைத் தொடங்கும் முன், பானெட்டைத் திறந்து பழைய ஆயிலைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கை வெளியே எடுத்து, நூல் பிரியாத பருத்தித் துணியில் துடைத்து (பட்டறையில் புழங்கும் பனியன் வேஸ்ட் இதற்கு வேண்டாம், அதன் பிசிறுகள் உள்ளே போய்விடும்), மறுபடி நுழைத்து எடுத்து, வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு வையுங்கள். மங்கிய சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கருத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் தீய்ந்திருக்கக்கூடும். ரோஸ் மில்க் போலக் கலங்கலாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டியை ஓட்டாமல், இழுவை வண்டியில் ஏற்றி மெக்கானிக்கிடம் அனுப்புவதுதான் சரி. கியர் ஏற்கெனவே நழுவினாலும் புது ஆயில் அதைக் குணமாக்காது.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. ஆயில், டிரெயின் போல்ட்டுக்கு (ஆயிலை வடிக்க அடியில் கழற்றும் போல்ட்) புது வாஷர், அந்த போல்ட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானர் அல்லது சாக்கெட், நீண்ட வாய் கொண்ட மெல்லிய புனல், அகலமான தட்டு, ஜாக், ஜாக் ஸ்டாண்டுகள், கையுறை. இவற்றோடு அளவுக் கோடு போட்ட ஒரு லிட்டர் குவளையும் வேண்டும். இந்த வேலையில் ஸ்பானரைவிட முக்கியமான கருவி அதுதான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, மட்டமான தரையில் நிறுத்தி, ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். வெதுவெதுப்பான ஆயில் நன்றாக வடியும், கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கும். கைப்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கால் தூக்கி, கையேடு காட்டும் இடங்களில் ஸ்டாண்டுகளை நிறுத்திய பிறகே அடியில் போகவேண்டும். வீட்டுக்கு வீடு கட்டட வேலை நடக்கும் நம் ஊரில் ஹாலோ பிளாக் கல் சுலபமாகக் கிடைக்கும் என்பதற்காக அதை முட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அது விரிசல் காட்டி எச்சரிக்காது. ஒரே நொடியில் நொறுங்கிவிடும்.

அடியில் படுத்துப் பார்த்தால் இரண்டு டிரெயின் போல்ட்டுகள் தெரியும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஐ10 போன்ற குறுக்கு எஞ்சின் கார்களில் எஞ்சின் வலப்புறமும் கியர்பாக்ஸ் இடப்புறமும், அதாவது பேட்டரிக்கு நேர் கீழேயும், இருக்கும். எஞ்சின் ஆயில் மாற்றுவதாக நினைத்துக் கியர்பாக்ஸ் ஆயிலை வடித்துவிட்டு, எஞ்சினில் இரண்டு மடங்கு ஆயிலோடு கிளம்பியவர்கள் உண்டு. போல்ட்டைச் சிறிது தளர்த்தி, கசியும் முதல் துளி டிப்ஸ்டிக்கில் கண்ட நிறத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகு முழுவதும் கழற்றுங்கள். ஆயில் முதலில் சாய்வாகப் பீய்ச்சி அடிக்கும் என்பதால் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துத் தொடங்குங்கள்.

கழற்றிய போல்ட்டின் நுனியில் காந்தம் இருந்தால் அதை உடனே துடைத்துவிடாதீர்கள். சாம்பல் நிறத்தில் மை போல, விரலில் தேய்த்தால் வழுவழுப்பாக ஒட்டியிருக்கும் பசை வழக்கமான தேய்மானம்தான். எனக்கு 70,000 கி.மீ.யில் அது சுண்டுவிரல் நகத்தளவு இருந்தது. நறநறவென்று துகள்களோ, ஊசிபோன்ற உலோகச் செதில்களோ இருந்தால் அது வேறு கதை. பெட்டியைப் பிரிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். போல்ட்டைத் துடைத்துப் புது வாஷரோடு முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பானரால் கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கியர்பாக்ஸின் உடல் அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். அந்தச் செலவு ஆயிலின் விலையைத் தாண்டும்.

இப்போது குவளை. வடிந்த ஆயில் முழுவதும் ஆறிய பின் அதை அளந்து, எண்ணை எழுதி வையுங்கள். கியர்பாக்ஸின் மொத்தக் கொள்ளளவு சுமார் 6 லிட்டர் என்றாலும், டிரெயின் போல்ட் வழியாக அதில் பாதியளவே வரும். மிச்சம் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். கையேட்டின் மொத்த அளவைப் பார்த்து 6 லிட்டரையும் ஊற்றுவது பெரும் தவறு. எவ்வளவு வடிந்ததோ, அதே அளவை டிப்ஸ்டிக் குழாயில் புனல் வைத்து மெல்ல ஊற்றுங்கள்.

அடுத்தது அளவு சரிபார்த்தல். வண்டியைத் தரையில் இறக்கி, கால் மணி நேரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். பிரேக்கை அழுத்தியபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்திப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஐ10இல் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கைப் பார்க்கவேண்டும். பழைய ஹோண்டாக்களில் எஞ்சினை அணைத்த ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கவேண்டும். இதில் ஊகம் உதவாது, கையேடு சொல்வதே சட்டம். சூடான நிலைக்கான இரு கோடுகளுக்கு நடுவே ஆயில் நின்றால் போதும். குறைந்தால் ஒவ்வொரு முறையும் 100 மி.லி.க்கு மேல் சேர்க்க வேண்டாம்.

நான் பட்ட பாடு இந்த இடத்தில்தான். எங்கள் வீட்டு வாசல், மழைத்தண்ணீர் தெருவுக்கு ஓடட்டும் என்று சரிவாகப் போட்ட தளம். முதல் முறை அங்கேயே நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்தேன். அளவு குறைவாகத் தெரிய, இன்னும் அரை லிட்டர் ஊற்றினேன். அடுத்த ஞாயிறு ஏற்காடு போகும் வழியில் பாதி வளைவுகள்கூடத் தாண்டவில்லை, கியர் மாறும்போது எஞ்சின் தனியாக உறுமத் தொடங்கியது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால், கியர்பாக்ஸின் காற்றுக் குழாய் வழியாகச் சிவப்பு நுரை கசிந்திருந்தது. அளவு மிஞ்சினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அழுத்தம் தாங்கும் வலு இல்லை. இப்போதெல்லாம் தெருமுனையில் உள்ள சமதளத்தில் நிறுத்தித்தான் பார்க்கிறேன்.

ஒருமுறை மாற்றினால் பாதி ஆயில்தான் புதிதாகும். 500 கி.மீ. ஓட்டி மறுபடி வடித்து ஊற்றினால் முக்கால் பங்கும், மூன்றாம் முறையில் ஏறக்குறைய எட்டில் ஏழு பங்கும் புதிதாகிவிடும். இயந்திரம் வைத்து ஒரே நாளில் முழுவதும் மாற்றித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. நெடுநாள் ஆயில் மாற்றப்படாத பழைய பெட்டிக்கு, தவணை முறையே பதமானது என்று நான் கருதுகிறேன்.

பழைய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. அதைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றாமல், கேனில் அடைத்து, பழைய ஆயிலை முறையாக வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அன்றிரவு கியர்பாக்ஸுக்கு நேர் கீழே ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தால், வாஷர் சரியாக உட்காரவில்லை என்று பொருள்; மலைக்குக் கிளம்பும் முன் மறுபடி ஒருமுறை அடியில் படுக்க வேண்டியதுதான்.