ஏ.டி.எச்.டி. மாத்திரையும் ராகம் தானம் பல்லவியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கவனம் ஒன்றில் நிலைக்காமல் போகும் ஏ.டி.எச்.டி. குறைபாட்டுக்கு மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை சாப்பிட ஆரம்பிக்கும் சங்கீத ரசிகர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "இத்தனை வருஷத்தில் இப்போதுதான் ஒரு பல்லவியை முதலிலிருந்து கடைசி வரைக்கும் தாளம் விடாமல் பின்தொடர முடிந்தது" என்பார் ஒருவர். "எல்லாம் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை" என்பார் இன்னொருவர். (ராகம் தானம் பல்லவி என்பது கர்நாடகக் கச்சேரியின் ஒரு நீண்ட பகுதி: தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை, தானம், பிறகு ஒரே வரியைத் தாளக் கணக்கோடு விரிக்கும் பல்லவி.) இரண்டுமே நடக்கக்கூடியவை. ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டும் நடக்கலாம். இந்த அனுபவத்தை வைத்து அவசரப்பட்டு எடுக்கிற முடிவுகள்தான் ஆளைத் தவறான பக்கம் கொண்டுபோகின்றன.

முதலில் மருந்தைப் பற்றிக் கொஞ்சம். மெத்தில்ஃபெனிடேட் 1944-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சீபா நிறுவனத்தில் உருவானது. பத்து ஆண்டு கழித்து ரிட்டாலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மூளையில் ஒரு நரம்பணு வெளியிடும் டோபமைனும் நார்அட்ரினலினும் வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். அந்த உறிஞ்சலை இந்த மருந்து தடுக்கிறது. அதனால் இரண்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வெளியே தங்குகின்றன. ஆம்ஃபெடமின் வகை மருந்துகள் இதோடு நிற்காமல் டோபமைனைக் கூடுதலாக வெளியே தள்ளவும் செய்யும்.

டோபமைன் என்றதும் பலர் செய்யும் முதல் தவறு, "டோபமைன் கூடினால் சந்தோஷம் கூடும், அப்படியானால் சங்கீதமும் இன்னும் இனிக்க வேண்டும்" என்று கணக்குப் போடுவது. இந்தக் கணக்குக்கு ஆதாரம் போலத் தோன்றும் ஆய்வுகள் இருக்கின்றன. 2011-இல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குப் பிடித்த இசையைக் கேட்டு மெய்சிலிர்த்தவர்களின் மூளையில் டோபமைன் வெளியாவது தெரிந்தது. அந்த உச்சத்தை எதிர்பார்த்திருக்கும்போது ஒரு பகுதியிலும், உச்சம் வந்த கணத்தில் வேறொரு பகுதியிலும் வெளியானது. 2019-இல் வந்த இன்னோர் ஆய்வில், டோபமைனைக் கூட்டும் லெவோடோபாவைச் சாப்பிட்டவர்கள் இசையை அதிகம் ரசித்தார்கள், டோபமைனின் செயலைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன் சாப்பிட்டவர்களுக்கு அந்த ரசனை குறைந்தது. ஆனால் லெவோடோபா வேறு, மெத்தில்ஃபெனிடேட் வேறு. எங்கே, எப்போது, எவ்வளவு டோபமைன் என்பதெல்லாம் மாறுகிறது. கச்சேரியில் ஒரு சங்கதி (பாட்டு வரியின் புது மாறுபாடு) எதிர்பாராமல் வந்து விழும்போது எழுகிற அலையும், நாள் முழுக்கச் சீராக உயர்த்தி வைக்கப்பட்ட மட்டமும் ஒன்றல்ல.

அப்படியானால் இந்த மருந்து என்ன செய்கிறது? அமெரிக்காவில் நோரா வால்கோவ் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு நல்ல குறிப்பைத் தருகிறது. மெத்தில்ஃபெனிடேட் சாப்பிட்டவர்களுக்குக் கணக்குப் போடும் வேலை அதிக சுவாரசியமாகத் தெரிந்தது. எதன் மேல் கண் வைக்கிறோமோ அதற்கு ஒரு முக்கியத்துவம் ஏறுகிறது. சங்கீதத்திலும் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு களை (ஒவ்வொரு எண்ணிக்கையும் இரட்டிப்பாகும்) ஆதி தாளத்தில் ஒரு பல்லவி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுப்பு, அதாவது பல்லவி தொடங்கும் இடம், சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) இல்லை, தள்ளி வருகிறது. முன்பெல்லாம் பாடகர் நிரவலில் (அதே வரியைப் பல விதமாக விரிப்பதில்) இறங்கியதும் கவனம் எங்கோ போய், அனுலோமத்தில் பல்லவி இரட்டை வேகம் எடுக்கும்போதுதான் திரும்பி வரும். அதற்குள் தாளம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மாத்திரை வேலை செய்யும்போது கை தொடையிலேயே இருக்கிறது. தட்டு, விரல்கள், வீச்சு எல்லாம் அதனதன் இடத்தில் விழுகின்றன. மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கோர்வையின் (முடிப்புக் கணக்கின்) மூன்று சுற்றும் ஒவ்வொன்றாகத் தெரிந்து, கடைசிச் சுற்று எடுப்பில் போய்ச் சரியாக உட்காருவதும் தெரிகிறது. வருஷக்கணக்காக இதைத் தவறவிட்டவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் இங்கேதான் இரண்டாவது தவறு காத்திருக்கிறது. எண்ண முடிந்ததையே கேட்டது என்று எடுத்துக்கொள்வது. அக்ஷரங்களை (தாளத்தின் எண்ணிக்கைகளை) எண்ணிக்கொண்டே இருப்பவர், அதே பல்லவிக்கு முன்னால் இருபது நிமிஷம் பாடிய ஆலாபனையில் பேகடா ராகத்தின் மத்திமம் ('ம' ஸ்வரம்) எப்படி அசைந்தது என்பதைக் கவனிக்காமலே விட்டிருக்கலாம். ஆலாபனையில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. அதைக் கேட்கக் கொஞ்சம் தளர்ந்து உட்கார வேண்டும். மருந்து தரும் கூர்மை, பற்றிக்கொள்ள ஏதாவது தேடும். மேற்கத்திய இசையமைப்பாளர் பாக்கின் நான்கு குரல் ஃபியூகை (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் இசையை) கேட்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு குரலை விடாமல் துரத்துவது எளிதாகிவிடும், நான்கும் சேர்ந்து உண்டாக்கும் உருவம் கைநழுவும். இதற்கு நான் சொல்லும் வழி சாதாரணமானது. ஆலாபனை தொடங்கும்போது கையை மடியில் வைத்துவிடுங்கள். எந்த ஸ்வரம் என்று கண்டுபிடிக்க முயல வேண்டாம். முடிந்த பிறகு, எந்த ஒரு பிடி (ராகத்தின் சிறு ஸ்வரத் தொடர்) மனதில் தங்கியது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

தெளிவாக உணர்வதும் தெளிவாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இன்னோர் ஆதாரம் 2023-இல் மெல்போர்ன் ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸ்ஆம்ஃபெடமின், மொடாஃபினில் ஆகியவற்றைக் கொடுத்து, குறிப்பிட்ட எடைக்குள் அதிக மதிப்புள்ள பொருள்களைப் பைக்குள் அடுக்கும் கடினமான புதிரைப் போடச் சொன்னார்கள். மருந்து எடுத்தவர்கள் அதிக நேரம், அதிக முயற்சி போட்டார்கள். முயற்சியின் தரமோ குறைந்தது. ஏ.டி.எச்.டி. இல்லாதவர்கள், "கச்சேரிக்கு முன்னால் ஒன்று போட்டால் நுணுக்கமெல்லாம் கேட்கும்" என்று நண்பரிடம் மாத்திரை கேட்பது இதனால்தான் அர்த்தமில்லாதது. அதைவிட முக்கியம், அது ஆபத்தானது. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும் மருந்து இது. பழக்கத்துக்கு ஆளாகவும் வாய்ப்பு உண்டு. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் கட்டுப்பாட்டு) சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தும்கூட. உங்கள் சீட்டில் எழுதியதை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள், கேட்பவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் சரி.

நேரம்தான் எல்லாவற்றிலும் அதிகம் கவனிக்கப்படாத விஷயம். சாதாரண மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். மெதுவாகக் கரையும் வகை, தயாரிப்பைப் பொறுத்து எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை. காலை எட்டு மணிக்கு, பத்து மணி நேரம் நிற்கும் மாத்திரையைச் சாப்பிட்டால் மாலை ஆறு மணிக்கு அது இறங்கத் தொடங்கியிருக்கும். மார்கழியில் முக்கியமான கச்சேரி ஆறரை வாக்கில் ஆரம்பித்து, ராகம் தானம் பல்லவி எட்டு மணியைத் தாண்டி வருகிறது. அதாவது, கச்சேரியிலேயே மிகவும் சிக்கலான பகுதி, மருந்து இறங்கும் நேரத்தில் வந்து விழுகிறது. அந்த நேரத்தில் சிலருக்கு எரிச்சலும் சோர்வும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வரும். வயலின் காதைக் குத்துவது போலவும், பக்கத்தில் யாரோ புரட்டும் பிளாஸ்டிக் பை சத்தம் பொறுக்க முடியாததாகவும் தோன்றும். "பாடகர் இன்று சரியில்லை", "பல்லவியெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிட்டு எழுந்து போகிறவர்கள், கடிகாரத்தைப் பார்த்திருந்தால் வேறு காரணம் கிடைத்திருக்கும்.

அதைச் சரிசெய்ய மாலையில் தானாகவே இன்னொரு மாத்திரை போடுவது அடுத்த தவறு. தூக்கம் போகும். தூக்கமில்லாத மறுநாள் எந்த மருந்தும் எந்த ராகமும் சரியாகப் பிடிபடாது. மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைத்தோ நசுக்கியோ சாப்பிடுவது இதைவிட மோசம். பல மணி நேரத்துக்குப் பிரித்து வெளிவர வேண்டிய அளவு ஒரே அடியாக உடம்பில் ஏறும். சீசன் நாட்களில் மாலைக் கச்சேரிதான் உங்களுக்கு முக்கியம் என்றால் அதை டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். "சங்கீதம் கேட்க வேண்டும்" என்பதைச் சொல்லக் கூச்சப்பட ஒன்றுமில்லை. வேலை நேரத்தைக் கேட்டு மருந்தை அமைப்பது போலவே இதையும் கேட்டு அமைக்க முடியும். இன்னொரு வழி, உங்கள் நேரத்துக்குப் பொருந்தும் கச்சேரிக்குப் போவது. சென்னையில் டிசம்பர் காலைகளில் மியூசிக் அகாடமியில் விளக்கவுரை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. மதியக் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். இளம் வித்வான்கள் நல்ல பல்லவிகளை அங்கேயும் பாடுகிறார்கள்.

சபா கேன்டீனையும் சொல்லியாக வேண்டும். இந்த மருந்து பசியைக் குறைக்கும். மதியம் சாப்பிட மறந்துவிட்டு, மாலையில் கேன்டீனில் ஸ்ட்ராங்கான டிகிரி காபி ஒன்றைக் குடித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கும், கை லேசாக நடுங்கும். அதைச் சங்கீதம் தந்த பரவசம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. மெய்சிலிர்ப்பு ஒரு சங்கதியோடு வந்து சில விநாடிகளில் போய்விடும். பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்த பிறகும் படபடப்பு தொடர்ந்தால் அது வேறு. அது அடிக்கடி வந்தாலோ, நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். காபியைக் குறைத்துவிட்டு, அதே கேன்டீனில் முதலில் இரண்டு இட்லி சாப்பிடுங்கள்.

இனி, "உள்ளே ஒன்றும் அசையவில்லை" என்பவர்கள். உணர்ச்சி மரத்துப்போனது போல இருப்பது இந்த மருந்துகளில் அறியப்பட்ட பக்கவிளைவு. பெரும்பாலும் அளவு கூடிப்போனதற்கான அறிகுறி. "எனக்குச் சங்கீதம் செத்துவிட்டது" என்று துக்கப்பட்டு மாத்திரையைக் குப்பையில் போடுவதும் தவறு, "கவனம் வந்ததே போதும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் தொடர்வதும் தவறு. இரண்டாவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். பிடித்த பாட்டில் பிடிப்புப் போவது, வாழ்க்கையில் மற்ற விஷயங்களிலும் ஏதோ மங்கியிருக்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுக்கும் இடமாக இருக்கலாம். சில நேரம் அதற்குக் காரணம் மாத்திரையாக இல்லாமல், கூடவே இருக்கும் மனச்சோர்வாக இருக்கும். எது என்று பிரித்துப் பார்க்க டாக்டரால்தான் முடியும்.

சுருதியே மாறிக் கேட்கிறது என்றால் மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்க மருந்தின் மேல் பழி போடுவதற்கு முன் மருந்துச் சீட்டு முழுவதையும் பாருங்கள். வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரப்படும் கார்பமாஸெபைன் என்ற மருந்து, கேட்கும் ஸ்வரத்தைச் சுமார் அரைக்கட்டை இறக்கிக் காட்டக்கூடும். எந்த ஒலியைக் கேட்டாலும் அது எந்த ஸ்வரம் என்று சட்டெனச் சொல்லக்கூடிய காது உள்ளவர்கள் இதை உடனே உணர்கிறார்கள். ஜப்பானிலிருந்து இப்படிப் பல மருத்துவக் குறிப்புகள் வெளியாகியுள்ளன. மருந்தை நிறுத்தியதும் இது சரியாகிவிடுவதாக அவை சொல்கின்றன. ஆனால் வலிப்பு மருந்தைத் திடீரென்று தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அதனால் அதையும் டாக்டரிடம் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

ஹெட்ஃபோனில் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கவனம் ஒட்டிக்கொண்டால் நேரம் போவது தெரியாது, ஒலி அளவும் மெல்ல மெல்ல ஏறும். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஃபோனில் ஒலி வரம்பை முன்கூட்டியே அமைத்துவிடுங்கள்.

பாடுகிறவர்கள் வாய் உலர்வதை எதிர்பார்த்துத் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மிருதங்க கிளாஸுக்குப் போகும் குழந்தைக்கு, வாத்தியார் திட்டக் கூடாது என்பதற்காக மாத்திரை நேரத்தை அம்மா அப்பா தாங்களாக மாற்றுவதும் வேண்டாம். கிளாஸ் நேரத்தை மாற்றித் தரச் சொல்லி வாத்தியாரிடம் கேட்கலாம்.

மருந்து என்ன செய்கிறது என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒரே ஒரு இசைப்பதிவு போதும். நன்றாகப் பழகிய ஒரு ஆலாபனையும் பல்லவியும் உள்ளதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை வழக்கமான நேரத்தில் சாப்பிட்டு, அது நன்றாக வேலை செய்யும் நேரத்தில் ஒரு நாளும், இறங்கிய பிறகு இன்னொரு நாளும், மறுநாள் காலை அடுத்த மாத்திரைக்கு முன்னால் ஒரு நாளும் கேளுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள், காபி குடித்தீர்களா, தாளம் எங்கே விட்டது, எந்த இடத்தில் மனம் நெகிழ்ந்தது என்று நான்கு வரி எழுதி வையுங்கள். முதல் வாரத்துக் குறிப்பை வைத்து முடிவுக்கு வராதீர்கள், அளவு அப்போது இன்னும் சரிசெய்யப்பட்டுக்கொண்டிருக்கும். இந்தக் குறிப்போடு போனால் அளவைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா என்று டாக்டரால் யோசிக்க முடியும். அடோமாக்ஸெடின் போல ஊக்க மருந்து வகையைச் சேராத ஒன்றைப் பார்ப்பதா என்றும் பேசலாம். அது முழுதாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், ஆனால் மாலை ஆறு மணிக்கு இறங்குகிற தொல்லை அதில் இல்லை.