ஹோமோசிஸ்டீன் கூடியிருக்கிறதா? மாத்திரைக்கு முன் காரணத்தைத் தேடுங்கள்

முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட்டில் இப்போதெல்லாம் ஹோமோசிஸ்டீன் என்று ஒரு வரி சேர்ந்துகொள்கிறது. கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் பழகிய பெயர்கள். இது புதிது. 15-க்குள் இருக்க வேண்டிய எண் 22 என்று தடித்த எழுத்தில் வந்திருந்தால் உடனே இணையத்தில் தேடுகிறோம். மாரடைப்பு, பக்கவாதம், மறதி நோய் என்று வரிசையாக வந்து விழுகின்றன. பயந்துபோய் அன்று மாலையே ஒரு பி வைட்டமின் மாத்திரையை ஆரம்பித்துவிடுகிறோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 13. அப்பாடா என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறோம்.

அந்த மடித்து வைத்தலில்தான் எனக்குக் கவலை. எண் ஏன் ஏறியது என்று அங்கே யாரும் கேட்கவே இல்லை.

ஹோமோசிஸ்டீன் ஓர் அமினோ அமிலம். ஆனால் நம் புரதங்களைக் கட்டுகிற 20 அமினோ அமிலங்களில் இதற்கு இடம் கிடையாது. 1932-ல் வின்சென்ட் டு வின்யோவின் ஆய்வகத்தில், மெத்தியோனின் என்ற வேறோர் அமினோ அமிலத்தைக் கந்தக அமிலத்தோடு வினைபுரியச் செய்தபோது இதன் இரட்டை வடிவம் முதலில் கிடைத்தது. நம் உடலிலும் இதற்குத் தாய் மெத்தியோனின்தான். உடல் மெத்தியோனினிலிருந்து மெத்தில் தொகுதி என்ற சிறு அணுக்கூட்டம் ஒன்றைக் கழற்றி டிஎன்ஏவுக்கும் நரம்பு வேதிப்பொருள்களுக்கும் இன்னும் பல வேலைகளுக்கும் கொடுத்துவிடுகிறது. கொடுத்த பின் எஞ்சுவது ஹோமோசிஸ்டீன். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஃபோலேட் என்ற பி வைட்டமினும் (மாத்திரையில் இதுதான் ஃபோலிக் அமிலமாக வருகிறது) பி12-உம் கைகொடுத்தால் மறுபடி மெத்தியோனினாகிவிடும். பி6 கைகொடுத்தால் சிஸ்டீன் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாறிவிடும். இரண்டில் ஏதாவது ஒரு வழி அடைபட்டால் ரத்தத்தில் தேங்கும். ஆக, ரிப்போர்ட்டில் வரும் அந்த எண் எங்கோ ஓர் அடைப்பு இருக்கிறது என்கிறது. எந்த இடத்தில் என்பதை நாம்தான் தேட வேண்டும்.

குழாயிலேயே ஏறிவிடும் எண்

தேடுவதற்கு முன், எண் உண்மையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இந்தப் பரிசோதனையில் பலரும் அறியாத தவறு இங்கேதான் நடக்கிறது.

ஊசியை உருவிய பிறகும் குழாயில் இருக்கும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை பாட்டுக்கு ஹோமோசிஸ்டீனை உண்டாக்கி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் அப்படியே விட்டால் மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். கையில் குத்தும்போது 12 இருந்த ரத்தம் மூன்று மணி நேரம் பையில் கிடந்தால், நோயே இல்லாமல் 15-ஐத் தாண்டிவிடும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிறவர் அடுத்தடுத்து நான்கு வீடுகளை முடித்துவிட்டுத்தான் ஆய்வகம் திரும்புகிறார் என்றால், உங்கள் ரிப்போர்ட்டில் வருவது அவருடைய பயண நேரமும் சேர்ந்த எண். எடுத்தவுடன் குழாயைப் பனிக்கட்டியில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்துவிட வேண்டும். பிரித்துவிட்டால் பயமில்லை, எண் அப்படியே நிற்கும்.

எனவே 16, 18 என்று எல்லையை ஒட்டி வந்தால் கலங்க வேண்டாம். வெறும் வயிற்றில், நேரடியாக ஆய்வகத்துக்கே போய், பனிக்கட்டியில் வைக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, இன்னொரு முறை கொடுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முதல் நாள் இரவு புரதம் நிறையச் சாப்பிட்டிருந்தாலும் அளவு கொஞ்சம் கூடும்.

பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஹோமோசிஸ்டீனை மெத்தியோனினாக்கும் வேலையில் ஃபோலேட் மெத்தில் தொகுதியைச் சுமந்து வருகிறது, பி12 அதை வாங்கிக் கைமாற்றுகிறது. பி12 இல்லாவிட்டால் ஃபோலேட் சுமையை இறக்க வழியின்றி அப்படியே மாட்டிக்கொள்ளும். டிஎன்ஏ தயாரிக்கத் தேவையான ஃபோலேட் கிடைக்காமல் எலும்பு மஜ்ஜையில் செல்கள் சரியாகப் பிரியாது. பெருத்துப்போன சிவப்பணுக்களோடு ரத்த சோகை வரும். இது ஒரு பக்கம். மறு பக்கம், நரம்புகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறைக்கும் பி12 வேண்டும். அது இல்லாமல் தண்டுவடத்தின் பின்பகுதி நரம்புகள் சிதையத் தொடங்கும்.

இந்த நிலையில் ஒருவர் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் அதிக அளவில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் அந்த அடைப்புக்குள் சிக்காமல் நேரே டிஎன்ஏ வேலைக்குப் போய்விடும். ரத்த சோகை சரியாகும், முகம் தெளியும், ஹீமோகுளோபின் ஏறும். மருத்துவருக்கு பி12 மீது சந்தேகம் வரவைத்திருக்க வேண்டிய அடையாளம் மறைந்துபோகும். நரம்புச் சிதைவு மட்டும் சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருக்கும்.

அது எப்படித் தெரியவரும் தெரியுமா? மருத்துவர் இசைக்கவை ஒன்றைத் தட்டி, அதிரும்போதே அதன் அடியைக் கணுக்கால் எலும்பின் மேல் வைப்பார். உலோகம் சில்லென்று படுவது தெரியும். அதிர்வு மட்டும் தெரியாது. கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னால் உடம்பு தள்ளாடும், ஏனென்றால் பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரவில்லை. முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடும்போது தடுமாறுகிறேன் என்று சிலர் சொல்வது இதனால்தான். சீக்கிரம் கண்டுபிடித்து பி12 கொடுத்தால் பெரும்பாலும் மீளலாம். நாள் தள்ளிப்போனால் சில சேதங்கள் அப்படியே தங்கிவிடும்.

எனவே ஹோமோசிஸ்டீன் ஏறியிருந்தால் எந்த மாத்திரைக்கும் முன்னால் பி12 பார்த்துவிடுங்கள். மாத்திரையை ஆரம்பித்த பிறகு போய்ப் பார்த்தால் ரத்தத்தில் பி12 அளவு நிறைவாகவே காட்டும், குறை இருந்த தடயம் கலைந்துபோயிருக்கும். பி12 எல்லையோரத்தில் இருந்து சந்தேகம் தீரவில்லை என்றால் மெத்தில்மலோனிக் அமிலம் என்ற பரிசோதனை இருக்கிறது. பி12 குறைந்தால் இது ஏறும், ஃபோலேட் மட்டும் குறைந்தால் ஏறாது. (சிறுநீரகம் பழுதானாலும் ஏறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.)

பி12 குறைந்தது எதனால் என்பது அடுத்த கேள்வி. விலங்குவழி உணவு எதுவுமே சாப்பிடாதவர்கள், வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், பல வருடங்களாக சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினோ வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், உடலின் எதிர்ப்பாற்றலே இரைப்பைச் செல்களைத் தாக்குவதால் பி12-ஐ உறிஞ்ச முடியாதவர்கள் என்று பட்டியல் நீளம். இளைஞர்கள் சிலர் போதைக்காக நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை உறிஞ்சுகிறார்கள். அது பி12-இன் நடுவிலிருக்கும் கோபால்ட் அணுவை ஆக்சிஜனேற்றம் செய்து அதைச் செயலற்றதாக்கிவிடும். அளவு பார்த்தால் சரியாக இருக்கும், ஆனால் அந்த பி12-ஆல் வேலை செய்ய முடியாது. அங்கே ஹோமோசிஸ்டீன்தான் உண்மையைச் சொல்லும்.

எண் இறங்கினால் இதயம் தப்பித்ததா?

ஹோமோசிஸ்டீன்தான் ரத்தக் குழாயைக் கெடுக்கிறது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது கேட்கத் தகுந்த கதை. கில்மர் மெக்கல்லி என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் இரண்டு குழந்தைகளின் உடல் திசுக்களை ஆராய்ந்தார். ஒருவன் 1933-ல் பக்கவாதத்தில் இறந்த எட்டு வயதுச் சிறுவன். அவனுடைய ரத்தக் குழாய்கள் முதியவர்களுடையவை போலத் தடித்திருந்தன. இன்னொன்று இரண்டே மாதக் குழந்தை. அதன் குழாய்களும் அப்படியே. இருவருக்கும் பழுதான நொதி வேறு வேறு, ஆனால் இருவர் ரத்தத்திலும் ஹோமோசிஸ்டீன் தேங்கும். அதுதான் பொதுக் காரணம் என்று 1969-ல் அவர் எழுதினார். கூர்மையான அனுமானம். பிற்காலத்தில் பெரியவர்களிடமும் ஹோமோசிஸ்டீன் கூடியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டின.

அப்படியானால் குறைத்தால் நோய் குறைய வேண்டும் அல்லவா? 2006-ல் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு ஒன்றாக வந்தது. ஹோப்-2 ஆய்வில் 5,522 பேர், நார்வேயில் நடந்த நார்விட் ஆய்வில் மாரடைப்பு வந்து மீண்ட 3,749 பேர். ஃபோலிக் அமிலம், பி12, பி6 கொடுத்ததில் ஹோமோசிஸ்டீன் நன்றாகவே இறங்கியது. மாரடைப்பும் இதய நோய் மரணமும் குறையவில்லை. பக்கவாதத்தில் கதை கொஞ்சம் வேறு. ஹோப்-2-இல் அது ஓரளவு குறைந்தது. தானியங்களில் ஃபோலிக் அமிலம் சேர்க்கும் வழக்கமில்லாத சீனாவில், ரத்தக் கொதிப்புள்ள 20,702 பேரிடம் நடத்தி 2015-ல் வெளியான ஆய்விலும், கொதிப்பு மாத்திரையோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் சேர்த்தவர்களுக்கு முதல் பக்கவாதம் குறைவாக வந்தது. ஃபோலேட் பற்றாக்குறை உள்ள இடத்தில் பலன் இருக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். போதுமான அளவு உள்ளவர் மேலும் மேலும் விழுங்குவதால் இதயத்துக்கு லாபமில்லை.

நஷ்டமும் உண்டு. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதிக அளவு பி வைட்டமின்கள் கொடுத்துப் பார்த்த கனடா நாட்டு ஆய்வு ஒன்று 2010-ல் வெளிவந்தது. வைட்டமின் எடுத்தவர்களுக்குத்தான் சிறுநீரகம் வேகமாகக் கெட்டது, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தன. சர்க்கரை நோயாளிகள் இந்த ஒரு செய்தியையாவது தங்கள் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பி6-ஐயும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. நாள்பட அதிகமாக எடுத்தால் அதுவே கை கால் நரம்புகளைக் கெடுத்து மரத்துப்போக வைக்கும். பெரியவர்களுக்கான உச்ச வரம்பை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் நாளொன்றுக்கு 12 மில்லிகிராமாக இறக்கியது. கடையில் கிடைக்கும் பல மாத்திரைகளில் அதைவிட அதிகம் இருக்கிறது.

கண்ணில் படாமல் போகும் காரணங்கள்

எல்லா அடைப்பும் வைட்டமின் குறையால் வருவதில்லை. சிறுநீரகச் செயல்பாடு குறையும்போது ஹோமோசிஸ்டீன் கண்டிப்பாக ஏறும், அதனால் பக்கத்து வரியில் கிரியாட்டினின் என்ன என்று பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ஏறும், தைராக்சின் எடுத்தால் இறங்கிவிடும். மூட்டுவாதத்துக்கும் புற்றுநோய்க்கும் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெப்பின் போன்ற மருந்துகளும் ஏற்றும். இதைப் படித்துவிட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது ஹோமோசிஸ்டீன் 20 இருப்பதைவிடப் பல மடங்கு ஆபத்து.

இன்னொரு தவறு, மெத்தியோனினிலிருந்துதானே வருகிறது என்று புரதத்தையே வெட்டிவிடுவது. மெத்தியோனின் உடலால் தயாரிக்க முடியாத, உணவிலிருந்தே கிடைக்க வேண்டிய அமினோ அமிலம். வயதானவர் புரதத்தைக் குறைத்தால் தசை கரையும். விலங்குவழி உணவை விட்டால் பி12-உம் சேர்ந்து போய், எண் இன்னும் ஏறும்.

அப்புறம் எம்டிஎச்எஃப்ஆர் மரபணு. ஹோமோசிஸ்டீனை மாற்றும் வேலைக்கு ஃபோலேட்டைத் தயார்செய்கிற நொதியை உண்டாக்குவது இது. இதில் சி677டி என்ற மாற்றம் இரண்டு பிரதியிலும் இருந்தால் அந்த நொதியின் வேகம் வெகுவாகக் குறையும், உண்மைதான். ஆனால் இந்த மாற்றம் உலகில் மிக மிகச் சாதாரணம். ஃபோலேட் போதுமான அளவு இருந்தால் பெரும்பாலோருக்கு ஹோமோசிஸ்டீன் ஏறுவதே இல்லை. ரத்தம் உறையும் தன்மைக்கும் தொடர் கருச்சிதைவுக்கும் காரணம் தேடும்போது இந்தப் பரிசோதனையை எழுத வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013-லேயே சொல்லிவிட்டது. இதில் என்னை உண்மையிலேயே வருத்துவது ஒன்றுதான். எனக்கு இந்த மரபணு இருக்கிறது, ஃபோலிக் அமிலம் ஒத்துக்கொள்ளாது என்று கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். இந்த மாற்றம் உள்ளவர்களாலும் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்த முடியும். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே வேண்டும், ஏனென்றால் பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழந்தையின் நரம்புக்குழல் மூடிக்கொள்வது கருவான முதல் நான்கு வாரத்துக்குள். மாதவிலக்கு தள்ளிப்போய்ச் சந்தேகம் வரும்போது பாதிக்கும் மேல் நாள் போயிருக்கும்.

100-ஐத் தாண்டினால்

இதுவரை சொன்னது 15-க்கும் 50-க்கும் நடுவில் தடுமாறுகிறவர்களுக்கு. 100-ஐத் தாண்டிய எண் வேறு ரகம். அதைச் சத்துக் குறை என்று மட்டும் எடுத்துக்கொண்டு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவது பெரிய பிழை. கடுமையான பி12 குறையிலும் இவ்வளவு ஏறக்கூடும், ஆனால் ஹோமோசிஸ்டினூரியா என்ற பரம்பரை நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். 1962-ல் வட அயர்லாந்தில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் சிறுநீரைப் பரிசோதித்தபோது இது அடையாளம் காணப்பட்டது.

நெடுநெடுவென்ற உயரம், நீண்ட கை கால், சிறு வயதிலேயே கடுமையான கிட்டப்பார்வை, கண்ணின் லென்ஸ் இடம் நகர்தல், இளம் வயதில் காலிலோ மூளையிலோ ரத்தக் கட்டி. இப்படி ஒருவரைப் பார்த்தால் மருத்துவருக்கும் முதலில் உடலின் இணைப்புத் திசுவைப் பாதிக்கிற மார்ஃபான் என்ற வேறொரு பரம்பரை நோய்தான் நினைவுக்கு வரும். மார்ஃபானில் லென்ஸ் பெரும்பாலும் மேல்நோக்கி நகரும், இதில் கீழ்நோக்கி. மார்ஃபானில் மூட்டுகள் நெகிழும், இதில் விறைப்பாக இருக்கும். கண் மருத்துவர் லென்ஸ் விலகியிருக்கிறது என்று சொன்ன அன்றே ஹோமோசிஸ்டீன் பார்த்துவிட்டால், அடுத்து வரவிருந்த ரத்தக் கட்டியைத் தடுத்துவிடலாம். பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனையில் இல்லை என்று வந்திருந்தாலும் நம்பி விட்டுவிடக் கூடாது. அது மெத்தியோனினை வைத்துப் பார்ப்பது, லேசான வகைகள் அதில் தப்பிவிடும்.

நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதிக அளவு பி6 கொடுத்தாலே எண் இறங்குகிறது. மேலே பயமுறுத்திய அதே பி6 இங்கே மருத்துவரின் கண்காணிப்பில் மருந்தாகிறது. மற்றவர்களுக்கு மெத்தியோனின் குறைத்த சிறப்பு உணவும் பீட்டைன் என்ற மருந்தும் தேவைப்படும். மயக்க மருந்து கொடுக்கிறவரிடம் நோயைச் சொல்லிவிட வேண்டும், நைட்ரஸ் ஆக்சைடு இவர்களுக்கு ஆகாது.

தாய் தந்தை இருவரும் ஒவ்வொரு பழுதான பிரதியைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. வீட்டில் ஒருவருக்கு உறுதியானால், எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியாடிக்கொண்டிருக்கிற அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கும் அதே வாரத்தில் ரத்தம் எடுத்துவிடுங்கள்.