மலையில் பிள்ளைகளுக்கு ஒரு குதிரை கிளப்: பத்திரமாகத் தொடங்கி நடத்துவது எப்படி?

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரையில் ஒரு ரவுண்டு போய் வந்த பிள்ளை அடுத்த வாரமும் போகலாமா என்று கேட்கும். அப்படிக் கேட்கும் நாலைந்து பிள்ளைகள், லீவு நாளில் நேரம் ஒதுக்கும் சில பெரியவர்கள், சாதுவான இரண்டு மட்டக்குதிரைகள் இருந்தால் கிளப் ஆரம்பித்துவிடலாம். ஆனால் சம்பளம் இல்லாமல் நடத்தும் கிளப்பில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாரும் ஆசையோடு வந்திருப்பார்கள். ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்வது மட்டும் யாருடைய வேலையாகவும் இருக்காது. அங்கிருந்தே தொடங்குவோம்.

1. அன்றைய பொறுப்பாளரை முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒருவர். அவர் குதிரையைப் பிடிக்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவும் கூடாது. பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. அவர் நிறுத்தச் சொன்னால், கிளப்பைத் தொடங்கியவரே ஆனாலும் நிறுத்த வேண்டும். பெருமாள்மலையிலிருந்து பிள்ளையைக் கூட்டி வந்த அப்பா, “இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரே ஒரு ரவுண்டு” என்று கேட்கும்போதுதான் இந்தப் பதவிக்கே வேலை வரும். தாட்சண்யம் பார்ப்பவரை இதில் போடாதீர்கள்.

2. இடம், குதிரை

ஏரிச் சாலை வேண்டாம். லீவு நாளில் சைக்கிள், வேன், ஹாரன் என்று அங்கே எதுவும் நம் கையில் இல்லை. வேலியும் கேட்டும் உள்ள சமதளம் ஒன்றைத் தேடுங்கள். மலையில் அது சுலபமில்லை, ஆனாலும் தேடுங்கள்.

குதிரை வாங்க அவசரப்பட வேண்டாம். ஏரிக்கரைக் குதிரைக்கார அண்ணன் ஒருவரிடம் பேசி, அவருக்கும் கூலி கொடுத்து, கூடவே இருக்கச் சொல்லுங்கள். தன் குதிரையின் குணம் அவருக்குத்தான் தெரியும். காலை முழுக்கச் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த குதிரையை மாலை வகுப்புக்குக் கேட்காதீர்கள்.

அடுத்து எடைக் கணக்கு. பிள்ளையும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தராசு தேவையில்லை, தையல் டேப் போதும். குதிரையின் மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்புற முனை வரையான நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோவில் வரும். அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சுற்றளவு 145, நீளம் 140 என்றால் சுமார் 248 கிலோ. 20 சதவீதம் ஏறக்குறைய 50 கிலோ. சேணம் 8 கிலோ என்றால் 42 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அந்தக் குதிரை இல்லை. பிள்ளைகளையே அளக்க விடுங்கள். கணக்கு வகுப்பில் வராத உற்சாகம் இதில் வரும்.

3. தலை, கால், கழுத்து

குதிரைச் சவாரிக்கென்றே செய்த ஹெல்மெட் வேண்டும். சைக்கிள் ஹெல்மெட்டும் பைக் ஹெல்மெட்டும் ஆகாது. பட்டையைப் பூட்டாமல் மாட்டித் தலையை ஆட்டினால் நகரக் கூடாது. ஒரு முறை கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

குளிருக்குப் போட்ட மங்கி குல்லாவின் மேல் ஹெல்மெட் உட்காராது. மப்ளர் எங்காவது மாட்டிக்கொள்ளும். இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள். தட்டையான கேன்வாஸ் ஷூ அங்கவடிக்குள் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) முழுசாக நழுவிவிடும். விழும்போது கால் மாட்டினால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். சின்னக் குதிகால் உள்ள ஷூ போதும். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று பெற்றோரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

4. முதல் மாதம் யாரும் ஏற வேண்டாம்

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளும் என்பார்கள். சவாரிக்கு ஓடி வரும் பிள்ளைகள் லத்தி அள்ளச் சொன்னால் காணாமல் போவார்கள். பரவாயில்லை, இந்த மாதத்தைத் தாண்டுபவர்கள்தான் நிலைப்பார்கள்.

குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கண் தெரியாது. இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்கப் பழக்குங்கள். “தம்பி, பின்னாடி போகாதே” என்று குதிரைக்கார அண்ணன் கத்துவது கோபத்தில் இல்லை.

கயிறு பிடிப்பதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். குளிரில் பிள்ளைகள் மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வார்கள். குதிரை மிரண்டு தலையைத் தூக்கினால் அந்தச் சுற்று இறுகி விரலை நசுக்கிவிடும். கயிற்றை முன்னும் பின்னுமாக மடித்து, மடிப்புகளின் நடுவில் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் கையைத் திறந்ததுமே கயிறு போய்விடும். கண்ணை மூடிக்கொண்டும் இதைச் செய்ய வரும்வரை விடாதீர்கள்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. பிரெட், சோளத்தட்டை என்று கண்டதைத் தின்றால் வயிற்றுவலி உயிரையே வாங்கும். தரையைக் காலால் பிறாண்டுவது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, லத்தி போடாமல் இருப்பது எல்லாம் அறிகுறி. உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 எண்ணை.

5. ஏறும் நாள்

சேணத்தின் வயிற்றுப் பட்டையை இழுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்தடி நடத்திவிட்டு மறுபடி இழுத்தால் இரண்டு துளையாவது உள்ளே போகும். இதை விட்டால் சேணம் பக்கவாட்டில் சுழன்று பிள்ளை விழும்.

ஏறுவதற்குக் கனமான மரப்படி ஒன்று செய்துகொள்ளுங்கள். குதிரையின் முதுகுக்கு நல்லது. பெரியவர்கள் பிள்ளையை இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிடும் தேவையும் இருக்காது. முதல் நாட்களில் ஒருவர் கயிற்றைப் பிடிக்க, இன்னொருவர் பக்கத்தில் நடக்கட்டும். நடை மட்டும்தான், ஓட்டம் கிடையாது.

6. பெரியவர்களுக்கான விதி

ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் லாயத்தில் தனியாக இருக்கக் கூடாது. பிள்ளைகளுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது, பெற்றோர் குரூப்பில்தான். இதற்கு முகம் சுளிப்பவர் நமக்கு வேண்டாம். தவறாக ஏதாவது தெரிய வந்தால் ‘நமக்குள் பேசிக்கொள்ளலாம்’ என்பது கிடையாது. 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். உதவிக்கு 1098.

7. மேகம், காட்டெருமை, களை

எதிர் வேலி கண்ணுக்குத் தெரியாத அளவு மேகம் இறங்கினால் எல்லாரும் கீழே இறங்க வேண்டும். இடி கேட்டாலும் அதேதான். ஓரத்தில் காட்டெருமை நின்றால் சத்தம் போடாமல் குதிரைகளை நடத்தியே அப்பால் கொண்டு போங்கள்.

மைதானத்து ஓரங்களையும் பாருங்கள். வெள்ளைப் பூங்கொத்தோடு சரிவெல்லாம் பரவிக் கிடக்கும் கிராஃப்டன் களையைத் தொடர்ந்து தின்னும் குதிரைக்கு நுரையீரல் கெடும். உண்ணிச்செடியும் விஷம்தான்.

8. விழுந்தால்

மற்றக் குதிரைகளை முதலில் நிறுத்துங்கள். விழுந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்த வேண்டாம். கழுத்து, முதுகு வலி இருந்தாலோ, மயங்கினாலோ, பேச்சு குழறினாலோ அசைக்காமல் 108ஐ அழையுங்கள். எழுந்து சிரித்தாலும் அன்றைக்கு மறுபடி ஏற்றாதீர்கள். ‘விழுந்த உடனே ஏறினால்தான் பயம் போகும்’ என்பதை நான் ஏற்கவில்லை. பெற்றோருக்கு மெசேஜ் வேண்டாம், போன் செய்யுங்கள். அப்புறம் நோட்டில் எந்தக் குதிரை, யார் பிடித்தது, பட்டையைச் சரிபார்த்தது யார் என்று எழுதுங்கள். விழாமல் தப்பியதையும் அதே நோட்டில் எழுத வேண்டும். ஒரே குதிரையின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதை வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.