புக்கிட் தீமாவில் மறுபடி ஏறப் பழகுவது எப்படி: முதல் ஆறு வாரம்

அம்மா தனியாக இருக்கிறார் என்பதால் போன வருடம் சிங்கப்பூரின் கிழக்கில் இருந்த தெம்பனிஸ் வீட்டை விற்றுவிட்டு, நான் வளர்ந்த புக்கிட் பாஞ்சாங்குக்கே திரும்பி வந்தோம். 19 வருடம் கிழக்கிலேயே இருந்துவிட்டேன். அங்கே தரை தட்டை, நடை என்றால் கடலோரம்தான். இங்கே குடிவந்த முதல் ஞாயிறே விடியற்காலையில் புக்கிட் தீமா மலைக்குக் கிளம்பிவிட்டேன். சின்ன வயதில் அப்பா என்னையும் தம்பியையும் 170ஆம் எண் பேருந்தில் ஏற்றி அங்கே கூட்டிப்போவார், அவர் ஜப்பான் சிலிப்பரோடு நிதானமாக வருவார், நாங்கள் முன்னால் ஓடுவோம். அந்த ஞாபகத்தில் தார்ச்சாலையில் ஒரு இடத்திலும் நிற்காமல் விறுவிறுவென்று ஏறினேன். ஏறியது நன்றாகத்தான் இருந்தது. அன்று மாலையே இரண்டு முட்டியும் வீங்கிவிட்டன, நான்கு நாள் படி இறங்க முடியவில்லை.

அப்போதுதான் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. "ஏறும்போது பேசிக்கிட்டே வாங்க, இறங்கும்போது பேச்ச நிறுத்திட்டுக் காலைப் பாருங்க." சின்னப் பிள்ளைகளை அடக்க ஏதோ சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். மலை நடைக்கு வேண்டியது முக்கால்வாசி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கீழே எழுதியிருப்பது அதை வைத்து நான் மறுபடி முதலிலிருந்து பழகிய முறை. நீண்ட காலம் நடக்காதவர்கள், நாற்பது தாண்டியவர்கள், "சின்ன வயசுல போயிருக்கேன்" என்று சொல்பவர்கள், உங்களுக்காகத்தான். இதய நோய், மூட்டுத் தேய்மானம் இருப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும் அப்படித்தான், பையில் நான்கு மிட்டாயும் இருக்கட்டும்.

முதல் படி: உங்கள் புளோக் மாடிப்படி (1, 2ஆம் வாரம்)

மலைக்குப் போகாதீர்கள். உங்கள் புளோக்கிலேயே மலை இருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் இடையே ஏறக்குறைய 2.8 மீட்டர். தரைத்தளத்திலிருந்து 12ஆம் மாடிக்கு ஏறினால் சுமார் 31 மீட்டர், அதை ஐந்து முறைக்குச் சற்று மேல் ஏறினால் சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கை மலையான புக்கிட் தீமாவின் 163 மீட்டர் வந்துவிடும். (அந்த 163 கடல் மட்டத்திலிருந்து கணக்கு. மலையடிவாரமே ஓரளவு உயரத்தில்தான் இருக்கிறது, அதனால் உண்மையில் ஏறுவது அதைவிடக் குறைவு.)

முதல் வாரம் ஒரு தடவைக்கு 12 மாடி, ஒரே ஒரு முறை, வாரத்துக்கு மூன்று நாள். ஏறியதும் மின்தூக்கியில் இறங்கிவிடுங்கள், இதில் கௌரவம் பார்க்க வேண்டாம், முட்டியைக் கெடுப்பது இறக்கம்தான். இரண்டாம் வாரம் இரண்டு முறை ஏறுங்கள், அதில் கடைசி நான்கு மாடியை மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் பாருங்கள். படியில் முழுப் பாதமும் பதிய வேண்டும். முன்னங்காலால் மட்டும் மிதித்து ஏறினால் கெண்டைக்கால் இரண்டே நாளில் இறுகிவிடும்.

இரண்டாம் படி: பழைய ரயில் தடம் (3ஆம் வாரம்)

மாடிப்படி தொடையைப் பழக்கும், ஆனால் ஒரு மணி நேரம் தொடர்ந்து காலில் நிற்கப் பழக்காது. அதற்கு ரயில் தடம். மலாயன் ரயில் சிங்கப்பூருக்குள் தஞ்சோங் பகார் வரை ஓடிக்கொண்டிருந்த பாதை இது, மொத்தம் 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயில் கிளம்பியது, ஜோகூர் சுல்தானே அதை ஓட்டிப் போனார். சின்ன வயதில் அந்த ரயிலுக்குக் கை காட்டியவர்கள் நாங்கள். அதில் பயணம் செய்தவர்களும் இதைப் படிக்கலாம், உங்களுக்கு அந்தத் தடத்தில் நடக்கும்போது நெஞ்சில் ஒன்று அசையும், கொஞ்சம் நின்றுவிட்டே போங்கள்.

2025ல் திறந்த ஹியூம் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் தடம் பக்கத்திலேயே வருகிறது. அங்கிருந்து தெற்கே அரை மணி நேரம் நடந்து, திரும்பி அரை மணி நேரம். வழியில் பழைய இரும்புப் பாலம் ஒன்று வரும். தட்டையான பாதைதான், ஆனாலும் மழைக்குப் பிறகு சில இடம் சேறாக இருக்கும். மலையில் போடப்போகிற காலணியை இங்கேயே போட்டுப் பழகுங்கள், கடிக்கிறதா என்பது இங்கே தெரிந்துவிடும்.

காலணி பற்றிச் சொல்லிவிடுகிறேன். விலை முக்கியமில்லை, அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள், பள்ளம் பள்ளமாகப் பிடிப்பு இருக்க வேண்டும். தேய்ந்துபோன ஓட்டக் காலணியோடு ஈரத் தார்ச்சாலையில் இறங்குவது ஆபத்து, பாசி படிந்த இடம் கண்ணுக்கே தெரியாது. அளவு உங்கள் வழக்கத்தைவிட அரை எண் பெரிதாக இருக்கட்டும், இறங்கும்போது விரல்கள் முன்னால் போய் இடிக்கும். கால் நகத்தை முந்தின நாள் வெட்டிவிடுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஒரு முறை கட்டைவிரல் நகம் கறுத்துப்போனால் புரியும்.

மூன்றாம் படி: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பது

நம் ஊரில் மலையைவிட வானிலைக்குத்தான் பயப்பட வேண்டும். சராசரியாக வருடத்துக்கு 168 நாள் இங்கே இடி இடிக்கிறது, கிட்டத்தட்ட இரண்டு நாளுக்கு ஒரு நாள். பிற்பகலில்தான் அதிகம், அதனால் காலை நடையே நல்லது. ஆனால் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து வரும் புயற்காற்று விடியற்காலையிலேயே வந்து அடித்துவிட்டுப் போகும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளம்பும் முன் மைஎன்வி செயலியில் மழை வரைபடத்தைப் பாருங்கள், மேற்கே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டை தெரிந்தால் அன்று மாடிப்படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினாலும் அப்படியே.

மேலே இருக்கும்போது இடி கேட்டால், இன்னும் பத்து நிமிடத்தில் உச்சி வந்துவிடும் என்று கணக்குப் போடாமல் திரும்பிவிடுங்கள். பெரிய மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மின்னல் ஒரு பக்கம், காய்ந்த கிளை ஒரு பக்கம்.

புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். நான் 7 மணிக்கே அங்கே நிற்கப் பார்ப்பேன். தண்ணீர் ஒரு லிட்டர், ஆளுக்கு ஒன்று, போத்தல் பைக்குள் இருக்க வேண்டும். கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள். பருத்திச் சட்டை வேண்டாம், வேர்வையில் நனைந்தால் காயவே காயாது.

நான்காம் படி: மலை (4ஆம் வாரம் முதல்)

டௌன்டவுன் ரயில் பாதையில் பியூட்டி வோர்ல்ட் நிலையத்தில் இறங்கி, அப்பர் புக்கிட் தீமா சாலை வழியாக நடந்து ஹிண்ட்ஹீட் டிரைவுக்குள் திரும்புங்கள், சுமார் 15 நிமிடம். முடிவில் வருகையாளர் நிலையம், கழிப்பறை அங்கே இருக்கிறது, மேலே கிடையாது. அங்கிருந்து தார்ச்சாலை நேராக உச்சிக்குப் போகிறது. முதல் தடவை இந்தச் சாலையிலேயே போங்கள், காட்டுப் பாதைகள் அப்புறம்.

ஆரம்பமே செங்குத்து. இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறோம், தெம்பு இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று வேகம் எடுக்கிறோம். அப்பாவின் விதியை இங்கே வையுங்கள்: பேசிக்கொண்டே ஏறுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு முட்டுகிறதா? அடியைச் சின்னதாக்குங்கள். நிற்பதைவிட அடியைப் பாதியாக்கித் தொடர்ந்து போவது மேல், ஆனால் நெஞ்சு அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் அங்கேயே உட்காருங்கள், குறையவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். தனியாகப் போகிறவர்கள் பாட்டு முணுமுணுக்கலாம், நான் கந்த சஷ்டி கவசம் சொல்வேன், வரி தடைபடாத வேகம்தான் என் வேகம்.

மெதுவாகப் போவதில் இன்னொரு லாபம், காடு கண்ணில் படும். இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1854ல் இந்த மலையடிவாரத்தில் தங்கி, சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். ஓடிக்கொண்டு அதைச் செய்திருக்க முடியாது. நானும் மூன்றாவது தடவைதான் துடுப்புவால் கரிச்சானைப் பார்த்தேன், வாலின் இரண்டு நீளக் கம்பி நுனியிலும் சின்னத் துடுப்பு மாதிரி இறகு, அது பறக்கும்போது பின்னால் இரண்டு வண்டு துரத்துவது போலவே இருக்கும். ஓடி ஏறிய சின்ன வயதில் ஒரு நாள்கூட அதை நான் கவனித்ததில்லை.

4ஆம் வாரம் உச்சி வரை போக வேண்டாம். 20 நிமிடம் ஏறுங்கள், எங்கே இருந்தாலும் திரும்புங்கள். 5ஆம் வாரம் 30 நிமிடம். 6ஆம் வாரம் உச்சி. அங்கே ஒரு கருங்கல் பாறையில் 163.63 மீட்டர் என்று எழுதியிருக்கும். ஊரே தெரியும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், சுற்றிலும் மரம்தான், தொலைத்தொடர்புக் கோபுரம்தான். எனக்கு அது பிடித்திருக்கிறது, உட்கார்ந்து மூச்சை ஆற்றிக்கொள்ள வெயில் படாத இடம் இருக்கிறது.

ஐந்தாம் படி: இறங்குவது

இதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். உச்சியில் ஐந்து நிமிடமாவது உட்காருங்கள், கணுக்கால் பக்கம் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள், அப்புறம் பேச்சை நிறுத்துங்கள். கைப்பேசி பைக்குள் போகட்டும்.

முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டு குதிகாலை ஊன்றி இறங்கினால் உடம்பின் எடை முழுவதும் முட்டியில் இடிக்கும், என் முட்டி வீங்கியது அதனால்தான். முட்டி எப்போதும் லேசாக மடங்கியே இருக்கட்டும், எடையைத் தொடை தாங்கும். அடி ஏறியதைவிடச் சின்னது. பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்க்கத் தோன்றும், சாய்த்தால்தான் வழுக்கும், இடுப்பு பாதத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். தார்ச்சாலை ரொம்பச் செங்குத்தாக வரும் இடத்தில் நேராக இறங்காமல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சாய்வாகப் போங்கள், பின்னால் யாராவது வேகமாக வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு. கைத்தடி இருந்தால் இறக்கத்தில் கொஞ்சம் நீளமாக்கிக்கொள்ளுங்கள். ஏற 30 நிமிடம் ஆனால் இறங்கவும் 30 நிமிடம் கொடுங்கள்.

குரங்கு பற்றி

பயப்படாதீர்கள், பிளாஸ்டிக் பை மட்டும் எடுத்துப்போகாதீர்கள். கையில் பை ஆடினாலே அதற்குச் சாப்பாடு என்று பொருள், அப்படி அதற்குக் கற்றுக்கொடுத்தது மனிதர்கள்தான். நம்மவர்கள் சிலர் புண்ணியம் என்று வாழைப்பழம் வாங்கிப் போகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். 2020 ஜூனிலிருந்து வனவிலங்குச் சட்டப்படி உணவு கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். அபராதத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு: சாப்பாட்டுக்குப் பழகிய குரங்கு சாலைக்கு வந்து நிற்கிறது, வண்டியில் அடிபடுகிறது. ஒன்று எதிரே வந்தால் கண்ணைப் பார்க்காமல், பல் தெரியச் சிரிக்காமல், பையை முன்பக்கம் மாற்றிக்கொண்டு விலகி நடங்கள்.

அதற்கு மேல்

ஆறு வாரம் முடிந்தால் டெய்ரி ஃபார்ம் பக்கம் காட்டுப் பாதைகளைத் தொடங்கலாம், வேர் தடுக்கும், அதனால் கண் கீழேயே இருக்க வேண்டும். இன்னும் ஆசை இருந்தால் ஜோகூரில் குளுவாங் பக்கம் குனோங் லம்பாக் 510 மீட்டர். அதற்கு முன் புக்கிட் தீமாவை ஒரே நாளில் மூன்று முறை ஏறி இறங்கி முட்டி வலிக்காமல் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே கணக்கு வைத்திருக்கிறேன். இப்போது இரண்டு வரை வந்திருக்கிறேன்.

வயதான பெற்றோர் வீட்டில் இருந்தால் அவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வருகையாளர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஹிண்ட்ஹீட் இயற்கைப் பூங்கா, சில நிமிட நடையில் பழைய கருங்கல் குவாரி, இப்போது தண்ணீர் நிறைந்து ஏரி மாதிரி கிடக்கிறது, எதிரே பாறைச் சுவர். போன மாதம் அம்மாவைக் கூட்டிப்போனேன். சின்ன வயதில் அந்த ஞாயிறுகளில் அப்பா, தம்பி, நான் மூவரும் மலைக்குப் போக, அவர் வீட்டில் பசியாற இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார், ஒரு தடவைகூட வந்ததில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்தார். "இதுக்கும் மேல எவ்வளவு தூரம் போவீங்க?" என்று கேட்டார். நான் கையைக் காட்டினேன். அடுத்த ஞாயிறு மாடிப்படியில் ஒரு மாடி மட்டும் ஏறிப் பார்க்கிறேன் என்றார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இறங்குவதற்கு மின்தூக்கியில்.